மகள் கோத் ஆன அன்று

மாட வீதி மொத்தமும் பார்க்க, கறுப்பு உதட்டுச்சாயத்தோடு காலேஜுக்குக் கிளம்பிய மகளிடம் "என்னடி கண்றாவி இது?" என்றேன். "நான் கோத்மா" என்றாள். ஆபீஸில் அந்த வார்த்தையைப் போனில் தேடினேன். கறுப்பு உடை, சோகப் பாட்டு, கல்லறை மேல் ஆசை என்று வந்தது. அவள் அப்பா தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அரைநாள் லீவு போட்டு மயிலாப்பூருக்கு ஓடிவந்து, அவள் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

சாயங்காலம் ஸ்குரூ ஓட்டைகளைப் பார்த்தவள் கோபப்படவில்லை.

"கோத்னா சாகப்போறவ இல்லமா. சோகத்தை ஒளிச்சு வைக்காதவ. நீதான் தினமும் குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழற. அந்தத் தாழ்ப்பாளையும் கழட்டிடு" என்றாள்.