தட்டிக்கு அந்தப் பக்கம்

வேலியில் பறித்த கோவையிலையை இன்று கசக்கி முகர்ந்ததும், அதே இலையால் நாங்கள் சிலேட்டு அழித்த ஓலைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்து நின்றது. அந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க்.

இரட்டை எண்ணைக் காட்ட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்கச் சொன்னார் சார். இருபத்தொன்பது பேரில், பிடிக்க ஒரு கை இல்லாமல், கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டு மிஞ்சி நின்றவள் நான். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஓலைத்தட்டிக்கு அப்பால் 'பி' பிரிவிலும் அதே பாடம். தட்டியின் கிழிசல் வழியாக ஒரு கை நீண்டது. கோட்டாற்று ஜவுளிக்கடைக்காரர் மகள் பாத்திமா.

"ஏட்டி, இங்க நானும் ஒத்தைதான். பிடி."

ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை என்று சார் அடுத்த வாரம் பலகையில் எழுதியபோது, நான் மட்டும் சிலேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் தெரியுமே.