கண்ணுக்குத் தெரியாத ஒரு சாண்

ஆயுத பூஜைக்கு நீங்களெல்லாம் பைக்குக்குப் பொட்டு வைத்திருப்பீர்கள். நான் ஒரு பாய்லருக்கு வைத்த பொட்டைப் பார்க்கப் போயிருந்தேன்.

என் மனைவி சாந்தியின் தம்பி சேகர், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆப்பரேட்டர். வருஷத்தில் அன்று ஒருநாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். பாய்லருக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. அதை நிறுத்த முடியாதாம்... மாலையோடு ஓடிக்கொண்டிருந்தது.

பொரி பொட்டலத்தோடு சுற்றி வந்தேன். ஒரு மூலையில், பைப் ஜாயிண்டிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி. போட்டோ எடுக்காமல் வரலாமா?

குறுக்கே சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. ஷெட் முழுக்கக் கலர் பேப்பர் தோரணம் தொங்குகிற நாளில், இது மட்டும் எச்சரிக்கை என்று எனக்கு எப்படித் தெரியும்? குனிந்து உள்ளே போய்விட்டேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை — வெள்ளைப் பக்கம் போகவில்லை. பைப்புக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அங்கே கையை நீட்டினால், என் உள்ளங்கையிலிருந்தே ஆவி கிளம்புவதுபோல் படம் வரும்.

சாந்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் கையை நீட்டப் போனேன்.

"யோவ் மாமா... நவுருய்யா!"

காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. என் கல்யாணத்திலிருந்து "வாங்க, போங்க" என்றே பேசிவந்த சேகர்! பொரி தரையெல்லாம் கொட்டியது. அத்தனை குடும்பமும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சேகர் ஒரு துடைப்பத்தை எடுத்து அந்தக் காலி இடத்தில் நீட்டினான். ஒன்றுமே இல்லாத இடத்தில் நுனி பிய்ந்து, ஈர்க்குகள் நாலாபக்கமும் பறந்தன.

"இதான் மாமா ஸ்டீமு. கண்ணுக்கே தெரியாது. லீக்கு எங்கன்னு நாங்களே தொடப்பத்த வச்சிக்கினுதான் தேடுவோம். நீங்க வெள்ளையா பாத்தது, சூடு கொறஞ்சு தண்ணித் துளியா ஆனது. இன்னா மாமா நீங்க... கை போயிருக்கும்!"

கோபம் போன இடம் தெரியவில்லை. ஐந்து விரலையும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது, பஸ் சோழவரம் தாண்டுகையில் ஏரிக்கு மேலே மேகம். இதுவும் அதே குடும்பம்தான். ஏரியிலிருந்து நீராவி மேலே போவதை யாராவது பார்த்திருக்கிறோமா? அது சாது, சுடாது, ஆனாலும் தெரியாது. உயரத்தில் குளிர்ந்து துளியான பிறகுதான் மேகம் என்று பெயர் வைத்து அண்ணாந்து பார்க்கிறோம். நம் கண்ணில் படுவதெல்லாம் கொஞ்சம் ஆறிய பிறகுதான் போலிருக்கிறது.

இந்தத் தத்துவத்தைச் சாந்தியிடம் சொன்னேன். கம்பெனி கேட்டைத் தாண்டியதிலிருந்தே அவள் பேசவில்லை.

"கோபமா?"

"ஒண்ணுமில்ல."

முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பஸ் புதுவாயல் தாண்டும்போதே பிடித்த என் வலது கையை, வீட்டு வாசல் வரை அவள் விடவில்லை.

நன்றாகவே வலித்தது... சொல்லவில்லை.