எஸ்தர் அக்கா ஏறாத வண்டி

போன செவ்வாய்க்கிழமை காலை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்காவின் மகள் போன் செய்தாள். "மாமா, இன்னைக்கு படாளத்துல நிறுத்த வாணாம். அம்மா போய்ட்டாங்க" என்றாள். சிறுநீரகம் பழுதாகி ஆறு வருடம் தாக்குப்பிடித்தவர். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவது ஃபெயில். எழுத்து கோணலாக இருந்தால் அக்காவைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா இருந்தால் பொறுத்திருக்க மாட்டார்.

செய்யூரிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வாரம் மூன்று நாள் வேனில் கூட்டிப்போகிறேன். அக்கா வழியில் படாளத்தில் ஏறுவார். அவர்கள் உள்ளே படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் நான் வண்டியில் குறட்டை விடுவேன். நன்றாகத் தூங்குகிற டிரைவர், தெம்பாக ஓட்டுவான் என்று புதிதாக வருபவர்களிடம் பழைய ஆட்கள் எனக்குச் சிபாரிசு வேறு செய்வார்கள். நானும் நம்பினேன். பகலில் கண் சொக்கினால் சோற்றின்மேல் பழி போடுவேன்.

அக்காவுக்கோ படுத்தால் கால்களுக்குள் எறும்பு ஊரும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். காலுக்குத் தனியாக டிக்கெட் எடு என்று கலாய்ப்பேன். "உன் குறட்டைக்கு லக்கேஜ் போட்டுட்டு அப்பால பேசு" என்பார்.

ஒருநாள் சீக்கிரம் முடிந்து வண்டிக்கு வந்தவர் என்னை உலுக்கி எழுப்பினார். "குமாரு, உனக்கு மூச்சு நின்னு நின்னு வருதுடா. பத்து எண்ணுற வரைக்கும் காணோம். அப்புறம் தண்ணில முழுகுனவன் கணக்கா திணறிகினு கீற" என்றார். எமன் அட்ரஸ் விசாரித்துவிட்டுப் போகிறான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று திரும்பும்போது வண்டி சாலையோர மண்ணில் இறங்கி ஏறியது. நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னேன். என் கண் மூடியிருந்ததைக் கண்ணாடியில் அக்கா பார்த்துவிட்டார்.

அடுத்த நடை, படாளத்தில் நின்றவர் ஏறவில்லை.

"நீ டாக்டரப் பாக்குற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"ஓனருக்குத் தெரிஞ்சா வேலை பூடும்க்கா."

"ஓனராண்ட நான் பேசிக்கிறேன். உன்ன நம்பி எத்தினி பேரு உக்காந்துகினு கீறாங்க, பாரு."

ஒரு டயாலிசிஸ் தவறினாலும் அவருக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவர் வீங்கிய காலோடு கூட்டமான பஸ்ஸில் ஏறினார். செங்கல்பட்டு வரை அந்த பஸ்ஸின் பின்னாலேயே, இமைக்காமல் ஓட்டினேன். போனதும் டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறதாம். எனக்கு ஏறிக்கொண்டே இருந்த பிரஷருக்கும் அதுவே முக்கியக் காரணமாம். மூக்கில் மாட்டித் தூங்க ஒரு மெஷின் தந்தார்கள். பகல் சொக்கல் தெளியும்வரை வேறொருவர் ஓட்டினார். வேலை போகவில்லை, அக்கா பேசியிருந்தார்.

பழிக்குப் பழியாக அவருடைய கால் விஷயத்தை நான் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். அதெல்லாம் இந்த நோயோடு வருவதுதான் என்று இத்தனை வருடம் அவர் சொல்லாமலே இருந்திருக்கிறார். ரத்தம் சோதித்து இரும்புச்சத்து ஏற்றினார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. ஒருநாள் திரும்பும்போது முன் சீட்டிலேயே அசந்துவிட்டார். படாளம் வந்தது, எழுப்ப மனம் வரவில்லை. செய்யூர்வரை எல்லோரையும் இறக்கிவிட்டு, அவரை மறுபடி படாளத்துக்குக் கொண்டுவந்தேன். விழித்ததும் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டும்போது கன்னத்தில் சீட்டுத் தையலின் தடம் பதிந்திருந்தது.

அவர் தந்ததாக என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். புதிதாக ஏறுபவரிடம் ஊர் கேட்பதற்கு முன், தூக்கம் எப்படி என்று கேட்கிறேன். நேற்று கடப்பாக்கத்து அண்ணன் ஒருவர், "அது எங்க வருது, வுடு" என்றார். ஆஸ்பத்திரி வந்ததும் வண்டியைப் பூட்டிவிட்டு அவரோடு டாக்டர் அறைக்குள் நானும் போனேன்.