அத்தை சுட்ட டோனட்

டோனட் கடை கண்ணில் பட்டால் என் கால் தானாக நின்றுவிடும். "சர்க்கரை போட்ட மெதுவடை, அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். சாக்லேட் பூசியது, வண்ண மணிகள் தூவியது எதுவும் எனக்கு வேண்டாம். பொடித்த சர்க்கரையில் புரட்டியெடுத்த வெறும் டோனட் போதும். அதைக் கடிக்கும்போதெல்லாம் அத்தையின் ஞாபகம் வரும், கூடவே வெட்கமும் வரும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு அவர்தான் டோனட் சுடுவார். தேய்த்த மாவின் மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டமாக வெட்டுவார். நடு ஓட்டைக்கு இருமல் மருந்து பாட்டிலின் மூடி. ஓட்டையிலிருந்து வந்த குட்டித் துண்டுகளையும் பொரித்து எங்களுக்குத் தருவார். சுரங்கம் மூடியபின் அவர் பெங்களூரு வந்து ஈஜிபுராவில் குடியேறினார். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. படிப்பு முடிந்ததும் நான் அவர் வீட்டில் தங்கி வேலை தேடினேன். கிடைத்தது அதே கம்பெனியில், அவர் பெருக்கித் துடைக்கும் அதே மாடியில்.

வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள் அத்தை சொன்னார்: "அங்க நான் யாரோ, நீ யாரோ. அத்தைன்னு கூப்ட்டுடாதடி. உன்ன கொறச்சலா பாப்பாங்க." நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. காலையில் ஒரே அடுப்பில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு அவர் பஸ்ஸிலும் நான் கம்பெனி கேபிலும் போவோம். ஆபீஸில் எதிரே வந்தால் "குட் மார்னிங் மேடம்" என்பார். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன்.

பிறந்தநாள் வந்தால் டீமுக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். என் முறை வந்தபோது அத்தை விடிவதற்குள் எழுந்து இரண்டு டப்பா நிறைய டோனட் சுட்டுத் தந்தார். பத்து நிமிடத்தில் டப்பாக்கள் காலி. "சூப்பரா இருக்கே, எங்க வாங்கின?" என்றார் டீம் லீடர். பக்கத்து மேஜையில் சிந்திய சர்க்கரையை அத்தை துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை செய்தது என்று சொல்லியிருந்தால் எந்த அத்தை என்று யார் கேட்கப்போகிறார்கள்? அதைக்கூட யோசிக்காமல், "எங்க ஏரியால ஒரு பேக்கரி சார்" என்று சொல்லிவிட்டேன். அத்தையின் கை சற்று நின்றது. பிறகு துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தார்.

அன்று மாலை வீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான்: "இன்னொரு டப்பா செஞ்சிருக்கணுமோ?" அடுத்த பிறந்தநாளுக்கும் அந்த பேக்கரி டோனட்தான் வேண்டும் என்றார்கள் டீமில். அப்போதும் சுட்டுத் தந்தார்.

மூட்டுவலி முற்றி அத்தை வேலையை விட்டார். ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர்களுக்கு யாரும் வழியனுப்பு விழா வைப்பதில்லை. கடைசி நாளன்று அவரே டோனட் சுட்டு என்னிடம் கொடுத்து, "எல்லாருக்கும் குடு. பேக்கரின்னே சொல்லிடு" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டு, அத்தையைக் காட்டி, "பேக்கரின்னு நான் சொன்னது பொய். செஞ்சது இவங்கதான். இவங்க என் சொந்த அத்தை" என்றேன். கை தட்டினார்கள். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

லிஃப்ட்டில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். காலி டப்பாக்களைப் பையில் வைத்தபடி அத்தை கேட்டார்: "நாளைக்கு நான் வரமாட்டேன்னு தெரிஞ்சுதானே சொன்ன?"

குரலில் கோபமே இல்லை. கீழ்த்தளம் வந்ததும் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

இப்போதும் ஈஜிபுராவுக்கு அவரைப் பார்க்கப் போகும்போது கடை டோனட் வாங்கிப் போகிறேன். பாதி தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மீதியை என்னிடமே நீட்டுவார். அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்டதில்லை. நானும் இன்னும் பதில் சொல்லவில்லை.