வயர் இல்லாத டெலிபோன்

பெண்ணின் அப்பா வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டில் வடை சுட்டு வைத்திருந்தார்கள். இதற்குக் காரணம் நான்தான் என்று மறுநாள் சாயந்தரத்துக்குள் ஊரே சொல்லிவிட்டது. எங்கள் ஊர் அவ்வளவு சின்னது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரே தெருவாக எங்கள் ஊர். டீக்கடை ஒன்று, ரைஸ்மில் ஒன்று, போஸ்டாபீஸ் ஒன்று, போட்டோ ஸ்டுடியோ ஒன்று. ஸ்டுடியோ என்னுடையது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் டார்க் ரூம் தட்டு கழுவிக்கொண்டே தொழிலைக் கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

மாப்பிள்ளை போட்டோ

கடையில் ஒரு கோட்டும், சேலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய கறுப்பு டெலிபோனும் இருந்தன. டெலிபோனுக்கு வயர் கிடையாது. உள்ளேயும் ஒன்றும் கிடையாது. பெண் வீட்டுக்குப் போகிற போட்டோ என்றால் கோட்டை மாட்டி, ரிசீவரைக் காதில் வைத்து எடுப்பேன். ஊரில் நிஜ டெலிபோன் போஸ்டாபீசில்தான். அதில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவர்களும் கேட்டு, பதிலையும் அவர்களே சொல்வார்கள். அதனால் என் டெலிபோனுக்குத்தான் மதிப்பு.

செங்கோடன் கடலைக்காடு வைத்திருந்தவன். வரன் தட்டிக்கொண்டே போனது. அவன் அம்மா கேட்டதால் டெலிபோனோடு எடுத்துக் கொடுத்தேன். ஜேடர்பாளையத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவரிடம் தரகர் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். அவரும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

டீக்கடை பெஞ்சு

வெளியூர்க்காரர் வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் ஒரு படி தூக்கித்தான் சொல்வார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. நாளைக்கு நம் வீட்டுப் பையனுக்கும் அவர்கள் சொல்ல வேண்டும் அல்லவா.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் போட்டோவைக் காட்டி, "இந்த டெலிபோன் ஊடு எதுங்க?" என்று கேட்டார். டீக்கடை நாச்சிமுத்துவும் கல்யாணத்துக்கு அதே டெலிபோனோடு போட்டோ எடுத்தவன். காட்டிக்கொடுப்பானா? "மணி அடிச்சா இங்க வரைக்கும் கேக்குமுங்க" என்றான். ரைஸ்மில் டிரைவர், அந்த வீட்டுக்கு இரண்டு லாரி என்றார். பக்கத்தில் இருந்தவர் இரண்டையும் பம்பாய் லைனில் ஓட்டினார். வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, அதே பஸ் திரும்பி வந்ததும் ஏறிவிட்டார்.

மறுநாள் தரகர் வந்துதான் விஷயம் தெரிந்தது. ஜேடர்பாளையத்துக்காரர் தன் மூத்த பெண்ணை லாரிக்கார வீட்டில் கொடுத்திருந்தார். அந்த மாப்பிள்ளை தீபாவளி, பொங்கலுக்கு வந்தால் உண்டு. இன்னொரு பெண்ணை அப்படி ஒரு வீட்டில் தள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

செங்கோடனின் அம்மா கடைக்கு வந்தார். "ஏஞ்சாமி, எம்பையனுக்கு இல்லாத லாரிய ஓட்டி உட்டுட்டீங்களே" என்றார். டெலிபோன்தான் என்னுடையது, லாரி என்னுடையது அல்ல என்றேன். "இதும் போச்சுன்னா அவனுக்கு இனி யாரு பொண்ணு தருவாங்க?" என்று சொல்லி, போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்தால்தான் எனக்குத் தொழில்.

பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் போய்ப் பொய் சொன்னோம் என்று சொல்ல முடியாது. ஊர் மானம் போய்விடும். இந்த மாதிரி வேலைக்கு ஊரில் நான் ஒருவன்தான் ஆள். டெலிபோனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பரமத்தி வேலூர் போய், பஸ் மாறி ஜேடர்பாளையத்தில் இறங்கினேன்.

கொடிக்காலில்

பெண்ணின் அப்பா வெற்றிலைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். வரப்பிலேயே டெலிபோனை எடுத்து வைத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார்.

"வயரு?"

"இல்லீங்க."

"கோட்டு?"

"கடையோடதுங்க."

"கையில வாச்சு?"

"என்னோடதுங்க."

"லாரி?"

"அது பெஞ்சோடதுங்க."

"அப்பறம் பையனோடது என்னதான் இருக்குது?"

"மூஞ்சிங்க" என்றேன். தொழில் நாணயம் என்று ஒன்று இருக்கிறதே, "கன்னத்துத் தழும்ப மட்டும் பென்சில் டச்சிங்குல கொஞ்சம் மறச்சிருக்குதுங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பொழுதோட ஊட்டுக்கு வந்துருவானா?"

"வந்துருவானுங்க. போறதுக்கு வேற எடம் இல்லீங்க அவனுக்கு."

"சரி. புதங்கெழம வாரேன்னு சொல்லுங்க. பெஞ்சுல உக்கார மாட்டேன்."

வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் காட்டச் சொல்லிப் பெண்ணின் போட்டோவையும் தந்தார். மடியில் டிரான்சிஸ்டர். அதே டிரான்சிஸ்டரை அந்தப் பக்கத்துப் பெண்கள் பல பேர் மடியில் பார்த்திருக்கிறேன். பரமத்தி வேலூரில் ஒரு ஸ்டுடியோக்காரனுடையது. தோல் உறை மட்டும்தான், உள்ளே பேப்பர் திணித்தது. அடுத்தவன் தொழிலில் நான் கை வைப்பதில்லை. "நல்லா எடுத்திருக்காங்க" என்று பையில் போட்டுக்கொண்டேன்.

வைகாசியில் கல்யாணம். போட்டோ நான்தான். அவருடைய மூத்த மருமகன் மட்டும் அதில் இல்லை, லாரி ஒரிசாவில் நின்றுவிட்டதாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஸ்டூலில் உட்காருகிறவன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். போட்டோ யார் கைக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். அன்றிலிருந்து நான் அதைக் கேட்டுவிட்டுத்தான் லைட்டையே போடுவேன்.