நாலு கெளுத்தியும் ஒரு லிஃப்ட்காரரும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கை வைத்த லிஃப்டில் ஒருத்தரும் நடுவழியில் மாட்டிக்கொண்டதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதை நாலு பேர் காதில் போட்டுவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன். அவருக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கென்ன கூச்சம்? நான் பெருமைப்படாமல் பக்கத்து வீட்டுக்காரியா வந்து பெருமைப்படுவாள்?

புது லிஃப்டோ ரிப்பேர் பார்த்த லிஃப்டோ, இரும்புக் கட்டிகளை ஏற்றி மேலும் கீழுமாக நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பார். கட்டடத்துக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். மேனேஜர் போன் மேல் போன் போடுவார். இவர் அசையமாட்டார். கடைசியில் தான் மட்டும் ஏறிப் போய் வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார். பேசுவது குறைவு. தனக்கென்று எதையாவது கேட்பது அதைவிடக் குறைவு. சட்டைகூட நானாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் மீன் தொட்டி. ஹாலில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் கெளுத்தி. எந்தத் தண்ணீரையும் தாங்குகிற சாதாரண ரகம். மீசையை வைத்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும். வருகிறவர்கள் "தொட்டி காலியா இருக்கே" என்பார்கள். இவர் பெருமையாகக் குனிந்து விரலை நீட்டிக் காட்டுவார். நான் காப்பி போடப் போய்விடுவேன்.

போன மாதம் வண்ணமீன் கடைக்காரர் போன் செய்தார். "நீங்க கேட்டுட்டே இருந்தீங்களே, அந்த மலை ஓடைக் கெளுத்தி, வந்திருக்கு சார். நாலே நாலு." பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். விலையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கூடப் போனேன்.

கடையின் பின்னால் ஏசி போட்ட சின்ன அறை. கண்ணாடிக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் ஒரு கல்லைக் கட்டிப் பிடித்தபடி விரல் நீளத்தில் நாலு. கரித்துண்டுக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. இதற்கா பதினொரு வருஷம் என்று நினைத்தேன்.

"என் கண் முன்னாடி இரை போடுங்க," என்றார் இவர்.

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "என்ன சார், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு. இதுங்க வயித்தைப் பார்க்கணும். ஒட்டிப்போயிருந்தா பொழைக்காது."

நாலும் சாப்பிட்டன. கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். மகள் பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினாளே, அப்போது பார்த்த முகம். நறுக்கென்று கேட்க வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, "வாங்கிடுங்க," என்றேன்.

வேறு ஆளாக இருந்தால் கையோடு வாங்கியிருப்பார். இவர், "ஒரு வாரம் நிறுத்தி வைங்க. என் தொட்டி தாங்குதான்னு பார்த்துட்டு வரேன்," என்றார். கடைக்காரரும் ஒன்று சொன்னார்: "தண்ணி இருபத்தாறு டிகிரியைத் தாண்டக்கூடாது சார். மூச்சுத் திணறிடும். வேற ஊருல இதை வாங்கினவங்க வீட்டுல ஒண்ணுகூட ஒரு மாசம் தாண்டல."

அன்றே சரளைக் கல்லை அள்ளிவிட்டு, மீசை தேயாதபடி மாவு மாதிரி மணல் பரப்பினார். தண்ணீரைச் சுழற்ற வேகமான மோட்டார் மாட்டினார். காலையிலும் இரவு எட்டரைக்கும் அவரே வெப்பம் பார்ப்பார். மதியம் மூன்று மணிக்கு அவர் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருப்பார். அதனால் அந்த வேளை என் பொறுப்பு. பார்த்து, காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எழுதவேண்டும்.

முதல் நாலு நாள் வானம் மூடாக்கு. இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தைந்து. அவருக்குக் கால் தரையில் படவில்லை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே. மூன்று மணிக்குப் பார்த்தால் இருபத்தெட்டு. நான் காலண்டர் முன்னால் பேனாவோடு நின்றேன். இருபத்தாறு என்று எழுதினேன். அடுத்த இரண்டு நாளும் இருபத்தொன்பது. அப்போதும் இருபத்தாறு என்றே எழுதினேன். அவர் வரும் நேரத்துக்குள் ஜன்னல் காற்றில் தண்ணீர் ஆறி இருபத்தாறுக்கு இறங்கிவிடும். இந்த மனுஷன் வாழ்க்கையில் ஆசைப்பட்டதே இது ஒன்றுதான், இரண்டு மூன்று டிகிரியில் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை இரவு வேலையிலிருந்து வந்ததும் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏழு நாளையும் விரல் வைத்துப் படித்தார். மீன் எடுத்துவரும் டப்பாவைக் கழுவித் துடைத்தார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வேணும்னா நாளைக்கு மதியம் நீங்களே ஒரு தடவை பார்த்துக்குங்களேன்," என்றேன்.

"எதுக்கு? உன் கையெழுத்துல இருக்கு. அது போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு செய்தவள் நான், கத்தியதும் நான்தான். "போதாது! பொய்தான் எழுதினேன். போதுமா? ஆசைப்பட்டதை வாங்கிக்கத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டா வேற என்ன பண்றதாம்?"

தொட்டிப் பக்கம் திரும்பினார். "எத்தனை?"

"இருபத்தெட்டு. அப்புறம் ரெண்டு நாள் இருபத்தொம்பது."

திட்டவில்லை. பேனாவை என் கையில் கொடுத்து, "நீயே மாத்தி எழுதிடு," என்றார். எழுதினேன்.

"மேல ஒரு ஃபேனைக் கட்டி விடலாங்க," என்றேன்.

"அந்த ஃபேன் ஒரு மதியம் நின்னுபோச்சுன்னா? ஒரே கயித்துல தொங்குற லிஃப்டுல நான் யாரையும் ஏத்தமாட்டேன்." ஏசிக்கு எங்களுக்கு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். "நாளைக்குப் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வரணும்."

"போன்ல சொல்லிடுங்களேன்."

"நமக்காக ஒரு வாரம் நிறுத்தி வச்சிருக்கார். நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதை."

ஞாயிற்றுக்கிழமை போனோம். கடைக்காரர் பிளாஸ்டிக் பையை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். நான் செய்த கூத்து வெளியே வரப்போகிறது என்று தலைகுனிந்து நின்றேன். இவர், "மீன் நல்லா இருக்குங்க. என் தொட்டிதான் தேறல. மதியம் மூணு மணிக்கு இருபத்தொம்பது போகுது," என்றார். அவ்வளவுதான். என் பெயரை இழுக்கவில்லை. பிறகு அறைக்குள் போய் அந்த நாலையும் கடைசியாக ஒரு தடவை குனிந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினொரு வருஷ ஆசையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? என் வீட்டுக்காரரால் முடிந்தது.

அப்போது தலையில் கூலிங் கிளாஸைத் தூக்கி வைத்தபடி ஒருவர் உள்ளே வந்தார். "ஏதோ அபூர்வமான கெளுத்தி வந்திருக்காமே. எல்லாத்தையும் பேக் பண்ணிடுங்க."

கடைக்காரர் கை பையை நோக்கிப் போனது. இவரை ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"சார், உங்க வீட்டுல மதியம் மூணு மணிக்குத் தண்ணி எத்தனை டிகிரி?"

"யாருக்குத் தெரியும்? நான் ஆபீஸ்லதானே இருப்பேன்."

"ஒரு வாரம் பார்த்து எழுதிட்டு வாங்க. அப்புறம் தர்றேன்."

வந்தவர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, வீட்டுல எழுதி வைக்கச் சொல்றேன்."

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்க, சார்," என்றேன்.

என் வீட்டுக்காரர், நாலு பேர் முன்னால் பல் தெரியச் சிரித்தறியாத மனுஷன், கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.