தோல் வண்டியை யாரும் நிறுத்துவதில்லை

போன வாரம் வி.கோட்டாவில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு நானும் என் கணவரும் காரில் ஆம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் செக்போஸ்ட். அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாததா? டிக்கியைத் திற, பெட்டியைத் திற, கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையைக்கூடத் திற...

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சைத் தோல் — அந்தப் பக்கம் வாங்கி, உப்புப் போட்டு, இங்கே பதனிடும் டேனரிக்குக் கொண்டு வருவது. நாற்றத்தைப் பற்றி எங்கள் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் காபி இறங்காது.

தோல் வண்டிக்கு அந்தச் செக்போஸ்ட்டில் தனிச் சட்டம். யாரும் எழுதி வைக்காத சட்டம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, மூக்கில் கர்ச்சீப்போடு, 'போ போ' என்று கையை வீசிவிடுவார்கள். டிரைவரும் இன்ஜினை அணைக்க மாட்டார். ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இரண்டு பக்கத்துக்கும் வசதி.

அன்றும் கையை வீசினார்கள். லாரி நகரவில்லை.

மறுபடியும் வீசினார்கள். இன்ஜின் ஓடுகிறது, வண்டி அப்படியே நிற்கிறது. பின்னால் பஸ், வேன் எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கர்ச்சீப்காரர், "இன்னாய்யா, தூங்கிட்டியா?" என்று அங்கிருந்தே கத்தினார். என் கணவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குடித்திருப்பான் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தனை பேர் இருந்தோம். ஒருவர்கூட லாரி பக்கம் போகவில்லை.

அப்போதுதான் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தார். சின்ன வயசு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். தோல் வண்டிச் சட்டம் அவருக்குத் தெரியாது. விட்டுவிடுங்கள், அதுவே போய்விடும் என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பேப்பர் பார்க்காமல் எப்படி விடுவது என்று கேட்டபடியே நடந்து போய், படியில் ஏறி, கதவைத் திறந்தார்.

அடுத்த நொடி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

டிரைவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார். ஐம்பது வயசைத் தாண்டியவர். சட்டை முழுக்க வேர்வை. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. எப்படியோ பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார், அதற்குமேல் முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து இறக்கி எங்கள் கார் பின்சீட்டில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணும் கூடவே ஏறி, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கண்ண மூடப்பிடாது. பேரச் சொல்லுங்க."

சொன்னார். எந்த ஊரு? எங்கேருந்து வாறீங்க? என்ன லோடு? எங்க இறக்கணும்? — செக்போஸ்ட்டில் கேட்கிற அதே கேள்விகள்! ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். டிரைவரும் மூச்சு வாங்கி வாங்கிப் பதில் சொன்னார். குரல் தேயும்போதெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

செருப்பும் ஷூவும் எங்கெங்கோ ஏற்றுமதியாகிற ஊர் எங்கள் ஊர் என்று எத்தனை பெருமை பேசுகிறோம்! அந்தத் தோல் பச்சையாக ஊருக்குள் வரும்போது மட்டும் ஜன்னலை ஏற்றிவிடுகிறோம். லாரி நாறுகிறது, சரி... உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்ன பாவம் செய்தார்?

நேற்று, அவரை மாற்றியிருந்த வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். முதலில், உங்க வண்டி நாத்தம் ஆயிருக்குமே என்று வருத்தப்பட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எவ்ளோ வருஷமா இந்த ரோட்ல வர்றேன், போறேன் மா. எல்லாரும் போ போன்னுதான் சொல்வாங்க. என் பேரு இன்னான்னு கேட்டது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

அவர் பெயர் நசீர். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.